செபம் கேட்கப்படுமா? – தோற்ற அணியின் வாதம்

கடந்த ஆகஸ்டு மாதம் எங்கள் பள்ளியில் நடந்த ஒரு சொற்போரைப் பற்றி இங்கே எழுத விழைகிறேன். "நம் செபங்கள் கேட்கப்படுகின்றனவா?" என்பது தலைப்பு. 'ஆம்' என்று பேச மூவர். 'இல்லை' என்று பேச மூவர். நடுவர், கணிதம் கற்பிக்கும் அருட்சகோதரி. யார் எந்தப் பக்கம் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தார்கள். மரியாயின் சேனையில் மூன்று ஆண்டுகளாக உறுப்பினள், சனிக்கிழமைதோறும் கோவில் பீடத்துக்குப் பூ வைப்பவள், செபமாலை இல்லாமல் பேருந்தில் ஏறாதவள் ஆகிய எனக்கு வந்த சீட்டைப் பிரித்துப் பார்த்தேன். 'இல்லை' என்று இருந்தது!

வீட்டுக்குப் போய் அம்மாச்சியிடம் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் கையில் முறம் அப்படியே நின்றுவிட்டது.

"சேசு மரி சூசை! செபம் கேக்காதுன்னா பேசப் போற? கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்துலயா? அதுக்காடி உன்ன அங்க சேத்துவிட்டோம்?"

"சும்மா ஒரு பேச்சுப் போட்டிதான் அம்மாச்சி. ரோமாபுரியிலேயே இதுக்குன்னு ஒரு உத்தியோகம் இருந்துச்சு, தெரியுமா? சாத்தானோட வக்கீல்னு பேரு."

நான் சொன்னது பொய்யல்ல. 1587-ஆம் ஆண்டில் பாப்பரசர் ஐந்தாம் சிக்ஸ்துஸ் ஏற்படுத்திய பதவி அது. ஒருவருக்குப் புனிதர் பட்டம் கொடுக்கலாமா என்று ஆராயும்போது, 'கொடுக்கக் கூடாது' என்று வாதாடுவதற்கென்றே திருச்சபை ஒருவரை நியமித்தது. 'இது புதுமையல்ல, மருந்தினால் வந்த சுகம்' என்றெல்லாம் குறுக்குக் கேள்வி கேட்பது அவர் கடமை. 1983-இல் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் விதிகளை மாற்றி அமைக்கும்வரை அந்தப் பதவி வலுவாக இருந்தது.

"பேரப் பாரு, உத்தியோகத்தப் பாரு! அவருக்குச் சம்பளம் யாரு குடுத்தா?"

"பாப்பரசர்தான் அம்மாச்சி."

அம்மாச்சி சற்று யோசித்தார். "பாப்பரசரே குடுத்தாரா?" என்றார். பிறகு முறம் மீண்டும் அசையத் தொடங்கியது. அதையே அனுமதியாக எடுத்துக்கொண்டேன்.

போருக்குப் போகுமுன் களத்தை அறிய வேண்டும் அல்லவா? நம் பள்ளியில் என்னென்ன செபங்கள் நடக்கின்றன என்று ஒரு வாரம் உற்றுக் கவனித்தேன். தேர்வுக் காலத்தில் கோவிலில் முழங்காலிட இடம் கிடைக்காது. நூலகத்தில் காலை நீட்டிப் படுக்கலாம், அவ்வளவு இடம். ஜாமெட்ரி பாக்ஸ் தொலைந்தால் பதுவைப் பதியராம் புனித அந்தோணியார். தேர்ச்சியே நடவாத காரியம் என்று தோன்றினால் புனித யூதா ததேயு. இவர்களையும் மிஞ்சியவர் கூபர்த்தினோ நகரத்துப் புனித சூசை. பதினேழாம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த இந்தப் புனிதருக்குப் படிப்பு ஏறவே ஏறாது. அவருக்கு நன்றாக விளக்கத் தெரிந்தது நற்செய்தியில் ஒரே ஒரு பகுதி. தேர்வில் ஆயர் புத்தகத்தைத் திறந்தாராம். அதே பகுதி வந்ததாம்! குருப்பட்டத்துக்கு முந்திய தேர்விலோ, முதலில் வந்த சிலர் மிக நன்றாகப் பதில் சொல்லவே, மீதிப் பேரைக் கேள்வி கேட்காமலே தேர்ச்சி பெற்றதாக ஆயர் அறிவித்துவிட்டாராம். தேர்வு எழுதுவோரின் பாதுகாவலர் அவர்தான். ஆனால் தோழிகளே, நம் ஆசிரியைகள் அந்த ஆயரைப் போன்றவர்கள் அல்லர் என்பதை மறவாதீர்!

சில செபங்களைக் கேட்டால் அது செபமா டெண்டரா என்றே சந்தேகம் வருகிறது. "கணக்கில் பாஸ் ஆனால் பத்து மெழுகுதிரி, எண்பதுக்கு மேல் வாங்கினால் வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம்." விளையாட்டு விழாவன்றோ இன்னும் வேடிக்கை. மழை வரக் கூடாது என்று ஓட்டப் பந்தயக்காரிகள் ஒரு பக்கம் மண்டியிட்டார்கள். எப்படியாவது மழை வர வேண்டும் என்று, அணிவகுப்பில் வெயிலில் நிற்க அஞ்சிய நாங்கள் மறுபக்கம் மண்டியிட்டோம். அன்று லேசாகத் தூறியது, விழாவும் நடந்தது. இரு தரப்பாரும் தங்கள் செபம் பாதி கேட்கப்பட்டது என்று சொல்லிக்கொண்டார்கள்.

சொற்போர் நாள் வந்தது. புறப்படுமுன் எங்கள் அணி வெல்ல வேண்டும் என்று மாதாவின் கெபிக்கு முன் ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொன்னேன். அப்படிச் சொல்லும்போதே ஒரு சிக்கல் உறைத்தது. நாங்கள் வென்றால் என் செபம் கேட்கப்பட்டதாகிவிடும். அப்போது எங்கள் வாதம் தவறு. தோற்றால் செபம் கேட்கப்படவில்லை. அப்போது எங்கள் வாதம் சரி. சரியாகப் பேசினால் தோற்க வேண்டும், தவறாகப் பேசினால் வெல்ல வேண்டும் என்ற நிலையில் மேடை ஏறிய முதல் பேச்சாளி நானாகத்தான் இருப்பேன்.

எதிரணித் தலைவி எடுத்த எடுப்பிலேயே நாம் அனைவரும் அறிந்த அம்பை எய்தாள். "நடுவர் அவர்களே! காற்றைக் கண்ணால் காண முடியுமா? முடியாது. அதனால் காற்றே இல்லை என்போமா? அதுபோலத்தான் இறைவனும், அவர் நம் செபங்களைக் கேட்பதும்!" பலத்த கைதட்டல்.

நான் எழுந்தேன். "நடுவர் அவர்களே! காற்றைக் காண முடியாது, ஆனால் நிறுக்க முடியும். கடல் மட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் நிறை ஏறத்தாழ 1.2 கிலோ. 1643-ஆம் ஆண்டிலேயே தோரிசெல்லி என்ற இத்தாலியர் பாதரசக் குழாயை வைத்துக் காற்றின் அழுத்தத்தை அளந்து காட்டிவிட்டார். தோழி செபத்தையும் அப்படி அளந்து காட்டட்டும். இல்லையென்றால் பாவம், காற்றைச் சாட்சிக் கூண்டுக்கு இழுக்காமல் விட்டுவிடட்டும்!" இதற்கு அவ்வளவாகக் கைதட்டல் இல்லை. இயற்பியல் ஆசிரியை மட்டும் தட்டினார்.

அளப்பது என்று வந்துவிட்டதால் ஓர் ஆங்கிலேயரை அழைத்து வந்தேன். பிரான்சிஸ் கால்ட்டன் என்பவர் 1872-இல் செபத்தின் பலனைக் கணக்குப் போட்டுப் பார்த்து ஒரு கட்டுரை எழுதினார். இங்கிலாந்து நாட்டுக் கோவில்களில் ஞாயிறுதோறும் அரச குடும்பத்தாரின் நீண்ட ஆயுளுக்காகச் செபிப்பது வழக்கம். நாடே செபிக்கும்போது அவர்கள் மற்றவர்களைவிட நெடுநாள் வாழ்ந்திருக்க வேண்டாமா? முப்பது வயதைக் கடந்தவர்களின் சராசரி ஆயுளை அவர் எடுத்துப் பார்த்தார். அரச குடும்பத்தார் 64.04 ஆண்டுகள், குருமார் 69.49, வழக்கறிஞர்கள் 68.14, மருத்துவர்கள் 67.31. அவர் எடுத்துக்கொண்ட வசதி படைத்த வகுப்பாரிலேயே குறைந்த ஆயுள், யாருக்காக எல்லாரும் செபித்தார்களோ அவர்களுக்குத்தான்!

"ஆகவே நடுவர் அவர்களே, தங்கள் எதிரி யாராவது இருந்தால் அவருக்காக..." என்று நான் தொடங்குமுன் மணி அடித்துவிட்டார்கள்.

எதிரணி சளைக்கவில்லை. "அரசருக்காக மக்கள் உள்ளத்தால் செபித்தார்களா, உதட்டால் செபித்தார்களா என்று கால்ட்டன் அளந்தாரா? வரி கட்டியவன் என்ன நினைத்துக்கொண்டு 'ஆமென்' சொன்னானோ! மேலும், மூன்று வேளையும் விருந்து உண்டு மது அருந்திய மன்னர் 64 வயது வரை இருந்ததே பெரும் புதுமை!" என்றாள் இரண்டாவது பேச்சாளி. இதற்கு எங்கள் அணியே சிரித்துவிட்டது.

எங்கள் இரண்டாவது பேச்சாளி 2006-க்கு வந்தாள். அமெரிக்காவில் ஆறு மருத்துவமனைகளில் இருதய அறுவை சிகிச்சைக்கு வந்த 1,802 நோயாளிகளை மூன்று பிரிவாக்கினார்கள். முதல் இரு பிரிவாருக்கும் 'உங்களுக்காகச் செபித்தாலும் செபிக்கலாம், செபிக்காமலும் இருக்கலாம்' என்று சொல்லப்பட்டது. அவர்களில் ஒரு பிரிவுக்கு மட்டும் செபித்தார்கள். மூன்றாம் பிரிவாரிடம் 'உங்களுக்காக நிச்சயம் செபிக்கிறோம்' என்று சொல்லியே செபித்தார்கள். அறுவை சிகிச்சைக்குப் பின் சிக்கல் கண்டவர்கள்: செபம் பெற்ற முதல் பிரிவில் நூற்றுக்கு 52 பேர், செபம் பெறாத பிரிவில் 51 பேர், செபம் நடக்கிறது என்று தெரிந்த பிரிவில் 59 பேர்! "எனக்காகச் செபக் குழுவே கூட்டிவிட்டார்களா, அப்படியானால் என் நிலைமை அவ்வளவு மோசமா?" என்று பயந்து போயிருப்பார்களோ என்று ஒரு கருத்துக்கூட அப்போது எழுந்தது. செபித்தவர்களுக்குக் கொடுக்கப்பட்டது நோயாளியின் முதற்பெயரும், கடைசிப் பெயரின் முதல் எழுத்தும் மட்டுமே. ஆண்டவர் அதை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும்!

எதிரணித் தலைவி எழுந்து ஒரு நல்ல கேள்வி கேட்டாள் என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்கிறேன். "செபம் பெறாத பிரிவு என்கிறீர்களே, அந்த 51 பேர் வீட்டில் மனைவி மக்கள் இல்லையா? இருதயத்தைத் திறக்க ஆளை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே அவர்கள் என்ன, பல்லாங்குழியா ஆடிக்கொண்டிருந்தார்கள்?" செபமே இல்லாத நோயாளிகள் என்று ஒரு கூட்டத்தை உலகில் எவராலும் உண்டாக்க முடியாது என்பது அவள் வாதம். எங்களிடம் பதில் இல்லை.

அந்த உற்சாகத்தில் எதிரணி ஒரு தவறு செய்தது. "2001-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழிலேயே செபத்தின் பலன் நிரூபிக்கப்பட்டிருக்கிறது! இரத்தத்தில் நோய்க்கிருமி பரவிய 3,393 பேரில், செபம் பெற்றவர்களுக்குக் காய்ச்சல் சீக்கிரம் தணிந்தது. மருத்துவமனையில் இருந்த நாட்களும் குறைந்தன!" என்றாள் அவர்களின் இரண்டாவது பேச்சாளி.

எங்கள் மூன்றாவது பேச்சாளி மெல்ல எழுந்தாள். "தோழி ஒன்றை வாசிக்காமல் விட்டுவிட்டாள். அந்த நோயாளிகள் மருத்துவமனையில் இருந்தது 1990 முதல் 1996 வரை. அவர்களுக்காகச் செபித்தது 2000-ஆம் ஆண்டில்!" அரங்கம் குலுங்கியது. உண்மைதான். லைபோவிசி என்ற இஸ்ரேல் நாட்டு மருத்துவர், புள்ளிவிவரத்தைக் கண்மூடி நம்பினால் எதையும் நிரூபித்துவிடலாம் என்று எச்சரிக்கவே அதை எழுதினார். கிறிஸ்துமஸ் காலத்து இதழில் அது வந்தது. "இது மெய்யானால், சென்ற ஆண்டுக் காலாண்டுத் தேர்வுக்காக நாம் இன்றைக்குச் செபிக்கலாம்!" என்று அவள் முடித்தபோது நடுவர் சிஸ்டரே கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார்.

ஆனால் எதிரணியின் மூன்றாவது பேச்சாளி எழுந்ததும் சிரிப்பு அடங்கியது. அவள் எண்களைத் தொடவே இல்லை. இரண்டு பெண்களைப் பற்றிப் பேசினாள்.

முதலாமவர் குழந்தை தெரேசம்மாள். 1887-இல் அவருக்கு வயது 14, நம் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளின் வயது. மூன்று பேரைக் கொன்ற பிரான்சினி என்பவனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. அவன் மனம் வருந்தவில்லை. அவனுக்காகச் செபித்த தெரேசம்மாள், தன் மன ஆறுதலுக்காக ஓர் அடையாளமும் கேட்டார். தண்டனை நிறைவேறிய மறுநாள் செய்தித்தாளை எடுத்துப் பார்த்தார். கடைசி நொடியில் அவன் திரும்பிப் பாடுபட்ட சுரூபத்தை மூன்று முறை முத்தமிட்டான் என்று அதில் இருந்தது.

இரண்டாமவர் புனித மோனிக்கம்மாள். தம் மகன் அகுஸ்தீன் கடல் கடந்து இத்தாலிக்குப் போய்விடக் கூடாது என்று ஓர் இரவு முழுவதும் அழுது செபித்தார். மகனோ தாயிடம் பொய் சொல்லிவிட்டு அன்றிரவே கப்பல் ஏறிவிட்டார். அந்தத் தாயின் செபம் அன்று கேட்கப்படவில்லை என்றுதானே எவரும் சொல்வர்? ஆனால் அந்த இத்தாலியில்தான், மிலான் நகரில், 387-ஆம் ஆண்டு அகுஸ்தீன் ஞானஸ்நானம் பெற்றார். அந்த இரவில் கேட்டதை மறுத்ததன் மூலமே தாய் எந்நாளும் கேட்டு வந்ததை இறைவன் கொடுத்தார் என்று அகுஸ்தீனே பின்னாளில் எழுதினார்.

நடுவர் தீர்ப்புக் கூறினார். "கணக்கில் நிரூபணம் என்றால் விதிவிலக்கே இருக்கக் கூடாது. அப்படிப்பட்ட நிரூபணத்தை இரண்டு அணியும் கொடுக்கவில்லை. ஆனால் ஆதாரம் கேட்பது பாவம் என்று யாரும் நினைக்க வேண்டாம். லூர்து நகரில் 1883 முதல் மருத்துவர்கள் உட்கார்ந்து ஆராய்கிறார்கள். சுகமானோம் என்று 7,000 பேருக்கு மேல் அங்கே பதிவு செய்திருக்கிறார்கள். திருச்சபை புதுமை என்று ஏற்றுக்கொண்டது, 2025 வரை, 72 மட்டுமே. எங்கள் சபை மதரைவிடத் திருச்சபை கண்டிப்பானது!" என்றார். மதர் அவர்கள் முன்வரிசையில்தான் அமர்ந்திருந்தார். பேச்சுத் திறனுக்காக எதிரணிக்கு இரண்டு மதிப்பெண் கூடுதல். நாங்கள் தோற்றோம். என் செபம் கேட்கப்படவில்லை; ஆகவே எங்கள் வாதம் நிரூபணமாயிற்று!

இத்துடன் முடிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியம் இருந்திராது. "கேள்வி ஏதும் உண்டா?" என்று சிஸ்டர் கேட்டார். பின்வரிசையில் எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்தாள்.

"சிஸ்டர், எங்க அப்பா ஆஸ்பத்திரியில இருந்தப்ப நான் நவநாள் சொன்னேன். ஒம்போது நாளும் விடல. அப்பா இறந்துட்டாங்க. விசுவாசத்தோட கேட்டிருந்தா கெடச்சிருக்கும்னு ஒரு அத்தை சொன்னாங்க. என் விசுவாசம் பத்தலையா சிஸ்டர்?"

மேடையில் ஆறு பேச்சாளிகள் இருந்தோம். அரை மணி நேரம் வாய் ஓயாமல் பேசியவர்கள். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. சிஸ்டர் மேடையை விட்டு இறங்கிப் போய் அந்தப் பெண்ணின் பக்கத்தில், பெஞ்சில் உட்கார்ந்தார். என்ன சொன்னார் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. நாங்கள் வகுப்புக்குப் போகும்வரை அவர் அங்கிருந்து எழுந்திருக்கவும் இல்லை.

அன்றிரவு செபமாலை முடிந்ததும் அம்மாச்சியிடம் இதைச் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, நான் பிறப்பதற்கு முன் நடந்த ஒன்றைச் சொன்னார். எங்கள் வீட்டில் யாரும் அதை அதிகம் பேசுவதில்லை.

அம்மாச்சிக்கு ஒரு தங்கை இருந்தார். அந்தச் சின்ன அம்மாச்சியின் பேரனுக்கு 2004-இல் கடும் மஞ்சள் காமாலை. பிள்ளை பிழைத்தால் தன் தலைமுடியைக் கொடுப்பதாக வேளாங்கண்ணி ஆரோக்கிய அன்னைக்கு நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தது. நேர்ச்சையைச் செலுத்த, கிறிஸ்துமஸ் அன்று இரவு திண்டுக்கல்லிலிருந்து பஸ் ஏறினார்கள். உடன் போக இருந்த அம்மாச்சிக்குக் காய்ச்சல், போகவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, டிசம்பர் 26. காலையில் முடி கொடுத்துவிட்டுச் சின்ன அம்மாச்சி கடலில் குளிக்கப் போனார். சுமத்ரா அருகே கடலடியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் எழுந்த அலை அப்போதுதான் கரையை அடைந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் மடிந்தார்கள். வேளாங்கண்ணிக் கரையில் நூற்றுக்கணக்கான யாத்திரிகர்கள். கோவிலுக்குள் பூசையில் இருந்த எங்கள் உறவினர்கள் தப்பினார்கள். சின்ன அம்மாச்சி திரும்பவில்லை.

"துக்கம் கேக்க வந்தவங்க எல்லாம் என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க. மாதா உங்களக் காப்பாத்திட்டாங்கன்னு. எனக்கு வந்துச்சு பாரு கோவம்! எனக்குக் காய்ச்சலக் குடுத்துக் காப்பாத்தின மாதா, அவளுக்கும் ஒரு காய்ச்சலக் குடுத்திருக்கக் கூடாதா? அவ என்ன கேக்கவா போனா? நன்றி சொல்லப் போனவடி அவ."

"அப்புறம் எப்படி அம்மாச்சி இன்னமும் செபமாலை சொல்றீங்க?"

"ஆறு மாசம் சொல்லல. செபமாலையத் தூக்கி டிரங்குப் பெட்டியில போட்டுட்டேன். உங்ககூடப் பேசமாட்டேன்னு மாதா படத்துக்கு முன்னால நின்னு தெனமும் சொல்லுவேன். ஒருநாள் எனக்கே சிரிப்பு வந்துச்சு. பேசமாட்டேன்னு தெனமும் பேசிக்கிட்டுத்தானே இருக்கேன்?"

பிறகு சொன்னார்: "உங்க தலைப்பே சரியில்லடி. கேட்டுச்சான்னு கேக்குறீங்களா, கெடச்சுச்சான்னு கேக்குறீங்களா? ரெண்டும் வேற. நீ என்கிட்ட அம்பது தடவ மூக்குத்தி கேட்ட. எனக்குக் கேட்டுச்சு. வாங்கிக் குடுத்தேனா?"

இப்போது என் கருத்தைக் கூறுகிறேன். வாசிக்கும் பெற்றோரும் சிஸ்டர்களும் பொறுத்தருள்க.

'கேட்பது' என்ற நம் தமிழ்ச் சொல்லுக்கு இரண்டு பொருள். நாம் வேண்டுவதும் கேட்பது. அவர் செவிசாய்ப்பதும் கேட்பது. நாமாக மூன்றாவது பொருள் ஒன்றைச் சேர்த்துவிட்டோம்: 'கொடுப்பது'. எங்கள் சொற்போரில் இரண்டு அணியும் அந்த மூன்றாவதைப் பற்றியே பேசி, முதல் இரண்டையும் மறந்துவிட்டோம். கொடுத்ததையும் கொடுக்காததையும் எண்ணலாம். கால்ட்டனும் அமெரிக்க மருத்துவர்களும் எண்ணியது அதைத்தான். செவிசாய்த்தாரா என்பதை எண்ண எந்தக் கருவியும் இல்லை. அது விசுவாசம். அதை நிரூபித்துவிட்டதாக நாம் பெருமை பேசவும் வேண்டாம். நிரூபிக்க முடியவில்லையே என்று நாணவும் வேண்டாம்.

ஆனால் கிடைத்ததை மட்டும் சாட்சியாகக் காட்டுகிற பழக்கம் நமக்கு இருக்கிறதே, அதை நான் ஏற்பதற்கில்லை. கி.மு. முதல் நூற்றாண்டில் உரோமை நாட்டு சிசெரோ ஒரு நிகழ்ச்சியை எழுதி வைத்தார். புயலில் தப்பியவர்கள் கோவிலில் வைத்த காணிக்கைப் படங்களைத் தியாகோரஸ் என்பவருக்குக் காட்டி, 'தெய்வங்கள் செபத்தைக் கேட்கின்றன என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டுமா?' என்றார்களாம். 'மூழ்கிப் போனவர்களின் படங்கள் எங்கே?' என்றாராம் அவர். வேளாங்கண்ணியில் காணிக்கைப் பொருட்களின் காட்சிசாலைக்குள் நான் போயிருக்கிறேன். வெள்ளித் தொட்டில்களும், கைகால் உருவங்களும், நன்றிக் கடிதங்களும் கண்டு மெய்சிலிர்த்தேன். அவை பொய் என்று சொல்ல நான் யார்? ஆனால் நன்றி செலுத்த வந்த என் சின்ன அம்மாச்சிக்கு அங்கே ஒரு படம் இல்லை. அவரையும் சேர்த்து எண்ணாத கணக்கு, எங்கள் கணித சிஸ்டர் பாஸ் போடக்கூடிய கணக்கு அல்ல.

இதைவிடப் பெரிய தவறு, கிடைக்காதவர்களிடம் போய் 'உன் விசுவாசம் போதவில்லை' என்பது. அப்பாவைப் பறிகொடுத்த ஒரு சிறுமியை, அந்தச் சாவுக்குத் தானே காரணம் என்று எண்ண வைக்கும் சொல் அது. அப்படிச் சொல்பவர்கள் ஒலிவத் தோப்பை நினைத்துப் பார்க்கட்டும். அந்தத் துன்பக் கிண்ணம் தம்மை விட்டு அகல வேண்டும் என்று இயேசுநாதர் மூன்று முறை கேட்டார். அகலவில்லை. அவருக்குமா விசுவாசம் போதவில்லை? லூர்து நகர் பெர்நதெத்தம்மாளைப் பாருங்கள். மாதா காட்சி தந்தது அவருக்கு. ஊற்றைத் தோண்டியது அவர் கை. எத்தனையோ பேர் அந்தத் தண்ணீரைத் தேடிப் போனார்கள். அவரோ எலும்புருக்கி நோயால் வருந்தி, 1879-இல் தமது 35-ஆம் வயதில் நெவேர் மடத்தில் இறந்தார். அவருக்குமா போதவில்லை?

ஐயப்படுகிறவர்களையும் நாம் விரட்ட வேண்டாம். தோமையார் கேட்டது என்ன? மற்றச் சீடர்கள் கண்டதைத் தாமும் காண வேண்டும் என்பதுதானே? அதற்காக அவரை யாரும் அறையை விட்டு வெளியேற்றவில்லை. எட்டு நாள் அவர்கள் நடுவிலேதான் இருந்தார். ஆண்டவரும் அங்கேதான் வந்தார். அந்த ஐயப்பேர்வழிதான் மற்றவர்களைவிட நெடுந்தூரம் நடந்து நம் மயிலாப்பூர் வரை வந்து உயிரைக் கொடுத்தார் என்பது நம் மரபு. கேள்வி கேட்பவர்கள் இடையில் நின்றுவிடுவார்கள் என்று யார் சொன்னது?

அப்படியானால் கேட்கவே வேண்டாமா? கேட்போம். மழையும் கேட்போம், வெயிலும் கேட்போம், ஜாமெட்ரி பாக்ஸும் கேட்போம். பிள்ளை தாயிடம் எதைத்தான் கேட்காது? கிடைத்தால் நன்றி சொல்வோம். அதை வைத்து அடுத்தவரை அளக்காமல் இருப்போம். கிடைக்காமல் அழுகிறவரைக் கண்டால் விளக்கம் சொல்லாமல், சிஸ்டர் செய்ததைப் போலப் பக்கத்தில் உட்காருவோம். அந்த எட்டாம் வகுப்புத் தங்கை இப்போது சனிக்கிழமைகளில் என்னோடு பூ வைக்க வருகிறாள். அவள் இன்னும் செபம் சொல்வதில்லை. நான் கேட்பதும் இல்லை. பூவை மட்டும் மிக அழகாக அடுக்குகிறாள்.

இதை எழுதி முடிக்கும் வேளையில் அரையாண்டுத் தேர்வு வந்துவிட்டது. கூபர்த்தினோ சூசையப்பருக்கு ஒரு மெழுகுதிரி ஏற்றியாயிற்று. கணக்குப் புத்தகத்தையும் திறந்தாயிற்று. நான் தேர்ச்சி பெற்றால் இரண்டில் எது காரணம் என்று தயவுசெய்து யாரும் சொற்போர் வைக்க வேண்டாம்!

– மேல்நிலை இரண்டாம் ஆண்டு மாணவி